தின்னப்படக் காத்திருக்கும் முட்டை

ஒட்டுண்ணிக் குளவி என்றதும், புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் முட்டையைச் செருகும் பூச்சிதான் நினைவுக்கு வரும். டிரைகோனாலிட் குடும்பத்துப் பெண் குளவி புழுவைத் தேடுவதே இல்லை. வயிற்று நுனியை வளைத்து இலை விளிம்பைக் கவ்வி, ஓடு கெட்டியான பொடி முட்டைகளை வைத்துவிட்டுப் போய்விடுகிறது. இப்படி ஒரே பெண் ஆயிரக்கணக்கில் இடும். இட்டாக வேண்டும், அவற்றின் முன்னால் இருக்கும் பாதை அப்படி.

இலையிலுள்ள முட்டை தானாகப் பொரிக்காது. ஏதாவதொரு புழு இலையோடு சேர்த்து அதைத் தின்ன வேண்டும். அதற்குப் பிறகே பொரிக்கும் குஞ்சு, புழுவின் குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் இறங்குகிறது. சுற்றிலும் தீனி இருந்தும் பெரும்பாலான இனங்களில் அது அங்கே வளர்வதில்லை. காத்திருக்கிறது. இக்னுமோனிட் குளவியோ டாக்கினிட் ஈயோ அதே புழுவைத் தாக்கி, அதன் குஞ்சும் உள்ளே வளர்ந்தால்தான் இதற்கு வாழ்வு. அந்தக் குஞ்சுக்குள் புகுந்து, அதைத் தின்று வளர்கிறது. ஒட்டுண்ணி எதுவும் வராவிட்டால் காத்திருந்தது வீண்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்குப் பெரிய வியப்பு அதுதான். கூட்டமாக வாழும் வேட்டைக் குளவிகள் புழுவைப் பிடித்து, மென்று உருண்டையாக்கித் தம் கூட்டுக் குஞ்சுகளுக்கு ஊட்டும். அந்த மெல்லலில் நசுங்காமல் தப்பிய டிரைகோனாலிட், ஊட்டப்பட்ட குஞ்சுக்குள் குடியேறிவிடும். காவல் பலமான கூட்டுக்குள் அதைச் சேர்ப்பதே அந்தக் கூட்டின் வேலைக்காரக் குளவிதான்.

ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் இலை தின்னும் ரம்ப ஈக்களின் புழுவுக்குள் இடைத்தரகர் இல்லாமலே வளரும் இனமும் இருக்கிறது.

உலகம் முழுவதும் பெயரிடப்பட்ட டிரைகோனாலிட்கள் ஏறக்குறைய 100 இனங்கள்தாம். இக்னுமோனிட் குளவிகளோ 25,000 வரை. இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனம், பேராதனைத் தாவரவியல் பூங்காவை நடத்திய த்வைட்ஸின் பெயரைத் தாங்குகிறது. 1931இல் பூச்சியியலாளர் கர்டிஸ் கிளாசன் டிரைகோனாலிட்களின் வாழ்க்கைமுறை பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அதற்குப் பின்னும் பல இனங்கள், ஊசியில் குத்திவைத்த முதிர்ந்த குளவியாக மட்டுமே அறியப்பட்டவை.

இவற்றைத் தேடிப் போய்ப் பிடிப்பது அரிது. புழு வளர்ப்பவர்களிடம்தான் அகப்படும். பட்டாம்பூச்சிக்காக வளர்த்த புழுவிலிருந்து குளவி வந்தால் வீசிவிடாதீர்கள். புழுவின் தோல், உள்ளிருந்த கூடு, குளவி மூன்றையும் ஒரே குப்பியில் போட்டு, செடியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். எது எதைத் தின்றது என்று அந்தக் குப்பியை வைத்துத்தான் சொல்ல முடியும்.