உள்ளே ஒன்றுமில்லாத ஃபங்ஷன்

கிட்ஹப்பில் ஒருவர் என்னென்ன மென்பொருள் திட்டங்களை வைத்திருக்கிறார் என்று பார்க்க பிரவுசர்கூட வேண்டாம். கிட்ஹப்பின் ஏபிஐ முகவரியில் 'யூசர்ஸ்', அவருடைய பெயர், 'ரெப்போஸ்' என்று வரிசையாகப் போட்டு ஒரு நிரல் கோரிக்கை அனுப்பினால், பட்டியல் ஜேசானாக வந்து விழும்.

பைத்தானில் இந்த வேலையைச் சுலபமாக்கியது 2011-இல் வந்த 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம். அதுவரை பல வரிகள் பிடித்ததை அது ஓரிரு வரிக்குள் அடக்கியது. ஆனால் ஒரு ஏபிஐயில் ஐம்பது விதக் கோரிக்கைகள் இருந்தால்? முகவரியை ஒட்டு, ஹெடரைச் சேர், அனுப்பு, வந்தது 200-ஆ 404-ஆ என்று பார், ஜேசானைப் பிரி. மாறுவது முகவரியும் ஓரிரு விவரங்களும்தான், மிச்சமெல்லாம் காப்பி-பேஸ்ட். நாம் யார் என்று காட்டும் டோக்கனை அனுப்பும் முறை மாறினால் ஐம்பது இடத்திலும் கைவைக்க வேண்டும். ஓர் இடம் விட்டுப்போகும்; அதுவும் யாரும் அடிக்கடி ஓட்டிப் பார்க்காத இடமாக இருக்கும்.

எப்படிச் செய்வது என்று எழுதாமல், என்ன வேண்டும் என்று மட்டும் அறிவித்துவிடுவது ஒரு மாற்று வழி. தரவுத்தளக்காரர்கள் 1970-களிலிருந்தே எஸ்க்யூஎல்லில் இப்படித்தான் கேட்கிறார்கள். ஜாவா உலகில் ஸ்கொயர் நிறுவனத்தின் 'ரெட்ரோஃபிட்' நூலகம் இதை ஏபிஐக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துப் பைத்தானில் உருவானது 'அப்லிங்க்'.

அப்லிங்கில் ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கிறோம். அதன் தலைக்கு மேல் '@' குறியோடு 'கெட்' என்பதும், அடைப்புக்குள் முகவரியின் அச்சும் வரும். பயனர் பெயர் வரவேண்டிய இடத்தில் நெளி அடைப்புக்குறிக்குள் 'யூசர்' என்று இருக்கும். ஃபங்ஷன் வாங்கும் உள்ளீட்டுக்கும் அதே பெயர். ஃபங்ஷனுக்குள்ளே? விளக்கமாக ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஒரு கட்டளைகூட இல்லை. ஆனாலும் அழைத்தால் பதில் வருகிறது!

இதில் மாயம் ஏதுமில்லை. '@' போட்டு எழுதும் டெக்கரேட்டர், 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது. ஃபங்ஷனை வரையறுக்கும் அந்தக் கணத்திலேயே அது ஓடிவிடும். நாம் எழுதிய வெற்று ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பித் தரும். உள்ளீட்டுக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்புகள் 2008-இல் பைத்தான் 3.0-இல் வந்தவை. மொழி அவற்றைச் சேமித்து வைக்குமே தவிர, ஒன்றும் செய்யாது. 'இது கேள்விக்குறிக்குப் பிறகு போகவேண்டியது', 'இது ஹெடரில்' என்றெல்லாம் அதில் எழுதிவைத்தால், அப்லிங்க் படித்துக்கொள்கிறது. அச்சில் ஒரு பெயரும் உள்ளீட்டில் வேறு பெயருமாக இருந்தால், கோரிக்கை வெளியே போகுமுன்பே பிழை தெரிந்துவிடும். அடியில் ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதில் ஏஐஓஎச்டிடிபி என்ற வேறொரு நூலகத்தை மாட்டினாலும் அறிவிப்புகள் அப்படியே இருக்கும். அப்லிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இடிக்கும் இடமும் உண்டு. கிட்ஹப் பட்டியலை மொத்தமாகத் தராது. சாதாரணமாகப் பக்கத்துக்கு 30, கேட்டால் 100 வரை. அடுத்த பக்கம் எங்கே என்பது பதிலின் 'லிங்க்' ஹெடரில் இருக்கும். அதைப் பார்த்து, போய், மறுபடி பார்ப்பது ஒரு லூப். டோக்கன் இல்லாமல் கேட்பவருக்கு மணிக்கு 60 கோரிக்கைதான் என்பதால், இடையில் நின்று காத்திருக்கவும் நேரும். இந்த வரிசையையும் டெக்கரேட்டருக்குள் திணிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்து பிழை வந்தால், நம் வரி எது, நூலகத்தின் வரி எது என்று பிரித்துப் பார்க்கவே அரைநாள் போய்விடும். அந்த இடத்தில் பழைய 'வைல்' லூப்பையே எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெற்று ஃபங்ஷனை அழைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.