ரேஷன் கோதுமையில் ராத்திரிச் சாப்பாடு

மும்பை தாராவியில் எட்டுப் பேர் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு ராத்திரிச் சோறு பொங்குவதே பெரும்பாடு. முன்னுரிமை ரேஷன் அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் 2023 ஜனவரி முதல் இலவசம். அதில் கிடைக்கும் கோதுமையைச் சிலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, கடையில் முழு விலைக்கு அரிசி வாங்குகிறார்கள். நஷ்டம் யாருக்கு?

கோதுமையை வறுத்து, மாவு மில்லில் குருணையாக உடைத்துக்கொள்ளலாம். முக்கால் கிலோ குருணைக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு. அரை மணி ஊறவைத்தால் கேஸ் மிச்சம். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம் தாளித்தால் எட்டுப் பேருக்குப் பொங்கல் தயார். கோதுமைப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு ஈடுகட்டிவிடும். முதல் நாள் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம்; பாட்டிகள் இரண்டாம் நாளும் சுளிப்பார்கள்! அவர்களுக்காகக் கொஞ்சம் கத்தரிக்காய்க் கொத்சு வைத்துவிட்டால் சரி.