பலாலியும் சென்னையும்

பூமியின் வடதென் திசையில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீற்றர். பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9.8 பாகையிலும், சென்னை மீனம்பாக்கம் 13 பாகையிலும் உள்ளன. இரண்டின் நெடுங்கோடும் ஏறக்குறைய 80 பாகையே. ஆகவே இடைத்தூரம் 3.2 பாகை, அதாவது, 355 கிலோமீற்றர்.

மணிக்கு 500 கிலோமீற்றர் செல்லும் விமானம் இதனை முக்கால் மணிக்குள் கடக்கும். எனினும் ஓடுபாதையில் ஊர்தல், மேலெழுதல், தாழ்ந்திறங்குதல் ஆகியவற்றையும் கூட்டினால் பயணம் ஒன்றேகால் மணி அளவாகும்.

1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. பிற்காலத்தில் அவ்வழி அடைபட்டது. வைத்தியத்துக்காயினும் கல்விக்காயினும் சென்னை செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தார், வடக்கே செல்வதற்காக முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்குச் சென்றனர். தரைவழியே அது ஓர் இரவுப் பயணம். அங்கிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர்.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றினால் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பரில் மீண்டது.

இத்தனை மாற்றங்களிலும் அந்த 355 கிலோமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை. தூரத்தை நிலப்படம் கூறும். பயண நேரத்தையோ, திறந்திருக்கும் வழியே தீர்மானிக்கும்.