மலைக்குப் போனாலும் அம்மாவுக்கு லீவு உண்டா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வீட்டில் கிளம்பும் முதல் பேச்சு, "எங்கேயாவது மலைக்குப் போயிட்டு வரலாமே!" என்பதுதான். சொல்பவர் வீட்டுக்காரர். குதிப்பவை குழந்தைகள். மூட்டை கட்டுவது யார்? நாம்தான்! அங்கே போய்ச் சேர்ந்தும் விடிவதற்குள் பாலுக்கு அலைந்து, வெந்நீருக்குக் காத்து நின்று, ராத்திரி ஈரத் துணிகளை எங்கே உலர்த்துவது என்று திண்டாடி, 'இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்' என்று அலுத்துக்கொண்டு திரும்புகிற இளம் தாய்மார்கள் எத்தனை பேர்!

இந்த அலுப்பில் முக்கால்வாசி, தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தீர்ந்துவிடும் என்றால் நம்புவீர்களா? பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இருக்கும், டெலிவிஷன் இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்க ஆள் தேட வேண்டும். ஒரு குடும்பமே நடத்துகிற சின்ன விடுதியில், அடுத்த கட்டிலேயே ஒரு சமையலறை இருக்கிறது. அதில் நம்மைப் போலவே ஒரு குடித்தனக்காரி இருக்கிறாள். ஜப்பானில் கிராமத்துக்குக் கிராமம் இப்படி வீட்டுக்காரர்களே நடத்தும் விடுதிகள் உண்டு. 'மின்ஷுகு' என்று பெயர். வீட்டார் சமைத்ததைச் சாப்பிட்டு, அவரவர் படுக்கையை அவரவரே விரித்துக்கொள்வார்களாம். நம் ஊரில் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் மலையும் தம்பி மலையும்

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு மலை என்றால் கண்ணுக்கு எதிரே நிற்கும் கல்வராயன்தான். கச்சிராயபாளையம் வழியாகப் போனால், அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே ஏறினால் ரோட்டோரத்திலேயே பெரியார் அருவி, அதற்கப்பால் கரியாலூர், வெள்ளிமலை. ஊட்டி போல விறைக்கிற குளிர் இல்லை. இரண்டாயிரம், மூன்றாயிரம் அடி உயரம்தான் பெரும்பாலும். கைக்குழந்தைக்கு இதமான காற்று.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வராயனில் லாட்ஜுகள் வரிசை கட்டி நிற்காது. தங்குமிடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்குக் காரணம் உண்டு. இந்த மலை, மூன்று ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்க நிர்வாகத்துக்குள் வந்ததே 1976-இல்தான். ரோடும் மற்ற வசதிகளும் அதற்கப்புறம் மெல்ல மெல்ல ஏறின. ஏற்காட்டுக் கதை வேறு. அங்கே 1820-களிலேயே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்துவிட்டார். தோட்டம் வந்தது, பங்களா வந்தது, கான்வென்ட் வந்தது, அவற்றின் பின்னாலேயே தங்கும் விடுதிகளும் வந்துவிட்டன.

இரண்டு மலையிலும் வாழும் மலையாளி மக்களிடம் ஓர் அழகான கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம். பெரியண்ணன் கல்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் சேர்வராயனுக்கும் போய்விட்டார்களாம். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ்தான்.) ஏற்காடு இருப்பது அந்தச் சின்னண்ணனின் சேர்வராயனில்.

ஆகவே என் யோசனை இது. பெரியண்ணன் மலைக்குக் காலையில் ஏறி, கட்டுச்சாதம் சாப்பிட்டு, மாலையில் இறங்கிவிடுங்கள். அங்கேயே தங்கத்தான் ஆசை என்றால், அறை கிடைத்தது உறுதியான பிறகே வண்டி ஏறுங்கள். 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கூடாது. இரண்டு மூன்று நாள் நிம்மதியாகத் தங்க, தம்பி மலை. சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாகச் சேலம் போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரிப் பக்கமும் உள் ரோடுகளிலும் குடும்பங்களே நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன. மே மாதக் கோடை விழாச் சமயத்தையும் சனி, ஞாயிறையும் தவிர்த்தால் வாடகையும் இறங்கும், வீட்டாருக்கும் நம்மைக் கவனிக்க நேரம் இருக்கும்.

போனில் யார் பேச வேண்டும்?

அறை எடுக்கும் வேலையை முழுக்க ஆண்களிடம் விட்டுவிடாதீர்கள். "டபுள் ரூம் இருக்கா? எவ்வளவு? சரி" என்று ஒரே நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்! ஒரு முறை நீங்களே பேசுங்கள். எடுத்தவரிடம், "வீட்டில அக்கா இருந்தாக் குடுங்களேன்" என்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"ரெண்டு நாள் தங்கற மாதிரி வரோம்க்கா. ஒன்றரை வயசுக் கொழந்தை இருக்கு. காலையில அஞ்சு மணிக்கே பால் கேக்கும்..."

"அதுக்கென்னம்மா, நாங்க எழுந்துடுவோம். ஃபிளாஸ்க் கொண்டாந்தா ராத்திரியே வெந்நி ஊத்திக் குடுத்துடறேன். ஊருல என்ன பால் குடுக்கறியோ, அதைச் சொல்லு."

"கொழைஞ்ச சாதமும் ரசமும் கிடைக்குமாக்கா?"

"நம்ம வீட்டுப் புள்ளைக்குக் குடுக்கற மாதிரிதாம்மா. எத்தினி மணிக்கு வருவீங்கன்னு மட்டும் சொல்லிடு. ஒன்பதுக்கு மேல அடுப்ப அணைச்சுடுவோம்."

இந்த நாலு வாக்கியத்திலேயே அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம், மொதல்ல பணம் அனுப்புங்க" என்று இழுத்தால், நீங்கள் வேறு இடம் பார்ப்பதே நல்லது. வாடகை எவ்வளவு, கூடுதல் படுக்கைக்குத் தனிக் காசா, சாப்பாடு சேர்த்தா சேர்க்காமலா, வர முடியாமல் போனால் முன்பணம் திரும்புமா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் வீடு என்பதால் அவர்களுக்கும் ஒரு நேரம் காலம் உண்டு. சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காய்கறி பல சமயம் கீழேயிருந்து வர வேண்டியிருக்கும். பத்து மணிக்குப் பரோட்டா கேட்டு நிற்பது நியாயமல்ல, இல்லையா?

போனிலேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "பக்கத்துல ஆஸ்பத்திரி எங்கேங்க?" ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கல்வராயனில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. பெரிய சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியாக வேண்டும். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. ராத்திரி வேளையில் கூப்பிட்டால் வருகிற கார்க்காரர் யார் என்பதை விடுதிக்காரரிடம் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 108 இருக்கவே இருக்கிறது.

குளியலறையை முதலில் பாருங்கள்

அறைக்குள் நுழைந்ததும் நாம் ஜன்னலைத் திறந்து காட்சியைப் பார்ப்போம். இனிமேல் முதலில் குளியலறையைப் பாருங்கள். சின்ன விடுதிகளில் வெந்நீருக்குச் சில சமயம் கேஸ் கீஸர் வைத்திருப்பார்கள். அதைக் குளியலறைக்கு உள்ளேயே மாட்டி, காற்றுப் போக வழியும் இல்லாவிட்டால் ஆபத்து. எரிகிற கேஸிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை சுற்றும், வலிக்கும், வாந்தி வரும், அப்படியே மயக்கம். கதவைத் தாழ் போட்டுக் குளிக்கிறவருக்கு என்ன ஆயிற்று என்று வெளியே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கீஸர் வெளியே இருந்தால் கவலையில்லை. உள்ளே இருந்தால், வாளியை நிரப்பிக்கொண்டு கீஸரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அதற்கப்புறம் குழந்தையைக் கூட்டிப் போங்கள். அல்லது, "அடுப்பிலேயே ஒரு அண்டா வெந்நீர் போட்டுக் கொடுங்கக்கா" என்று கேட்டுவிடுங்கள். குடும்ப விடுதியின் சௌகரியமே அதுதானே!

இதே காரணத்துக்காகத்தான், குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. 2024-ஆம் வருஷம் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் விடிந்தபோது உயிரோடு இல்லை. ஒரு கம்பளி கூடக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மற்றபடி, கட்டில் உயரமாக இருந்தால் மெத்தையை எடுத்துத் தரையில் போடச் சொல்லுங்கள். வெராந்தாக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழைகிறதா, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வழியில் வாந்தி, மலையில் தேன்

வளைவுகளில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள்தான். வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன்னால் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், கதை சொல்லுங்கள். வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். சில மாத்திரைகள் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. ஏறும்போது காது அடைத்துக் கைக்குழந்தை அழுதால், பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

தண்ணீர், கொதித்து ஆறினதுதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் கூட வேண்டாம். பெரிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது, முக்கியமாக உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

கல்வராயனில் சாமை அரிசி, கடுக்காய், பலா என்று வாங்கிவர எத்தனையோ இருக்கின்றன. மலைத்தேனும் கிடைக்கும். வாங்குங்கள், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுக் கூடத் தடவாதீர்கள். பாட்டி சொன்னாலும் சரி! தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகிக் கை கால்களைத் தளர வைத்துவிடும், மூச்சையே பாதிக்கும். சுத்தமான தேனா, கலப்படமா என்பதல்ல இங்கே கேள்வி.

அருவியில் குளிப்பது சந்தோஷம்தான். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால், நாம் நிற்கிற இடத்தில் தூறல் கூட இல்லாமலேயே தண்ணீர் திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கலாக மாறினால் உடனே கரையேறிவிடுங்கள். வனத்துறையார் மூடி வைத்திருந்தால் வாதாடாதீர்கள். மேகம் அருவி போன்ற உள் அருவிகளுக்கு இடுப்பில் குழந்தையோடு நடந்து போவதும் உசிதமல்ல; ரோட்டோர அருவியே நமக்குப் போதும்.

புல்லிலும் புதரிலும் உட்காரும்போது ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு முழுக்கை, முழுக்கால் உடை. அறைக்குத் திரும்பியதும் குளிப்பாட்டி, போட்டிருந்த துணிகளை வெந்நீரில் அலசிவிடுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவதுதான், நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லும் 'ஸ்க்ரப் டைபஸ்'. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்காலத்திலும் இது அதிகம். ஊர் திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கூடக் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதற்குள் மலைக்குப் போனதையே நாம் மறந்திருப்போம்! விடாத காய்ச்சல் வந்தால், அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று குழந்தையின் உடம்பு முழுக்கப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டரிடம் "இன்ன தேதியில் மலைக்குப் போய் வந்தோம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே குணமாகிற காய்ச்சல் அது.