கதவு உளுத்தால் கால்வாய் ஏது?

நம் பாட்டிமார் அடுப்பில் எரிந்த சவுக்கு விறகும், குழம்பில் கரைந்த உப்பும், சுவரில் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பும் எவ்வழியாகச் சென்னைக்கு வந்தன? பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி வந்தவை ஏராளம். கவிஞர் பாரதிதாசன் தோழர்களுடன் அதே வழியில் மாமல்லபுரம் சென்று, அப்பிரயாணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே பாடினார்.

1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், பின்னர் வடக்கே பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. பஞ்சம் வாட்டிய 1877-78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். வெட்டியவை பசித்த ஜனங்களின் கைகள். பெயரோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது!

கடலை ஒட்டிச் செல்லும் இக்கால்வாய் வழியில் பல ஆறுகளைக் கடக்கிறது. கடல் இறங்கும்போது ஜலம் ஆற்றின் வழியே வடிந்து படகு தரைதட்டும். வெள்ளம் வந்தாலோ வண்டல் வந்து அடைக்கும். இவற்றைத் தடுக்கவே ‘லாக்’ என்னும் பூட்டுமடைகளைக் கட்டினார்கள். இரண்டு ஜோடிக் கதவுகள், நடுவே ஒரு தொட்டி. படகு தொட்டிக்குள் புகுந்ததும் பின்கதவை மூடி, உள்ளிருக்கும் ஜலத்தை எதிர்ப்புறத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறப்பார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் கதவு நிற்பது உப்பு ஜலத்திலல்லவா? மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், அடியில் சேறு படிந்தால் கதவு பொருந்தி மூடாது. பழுதுபார்க்கத் தொட்டியை இறைத்து வற்றச் செய்யவேண்டும். அதுவரை இருபுறமும் படகுகள் காத்துக் கிடக்கவேண்டியதுதான். படகோட்டிக்குக் கூலி நஷ்டம். பட்டணத்து வீட்டில் விறகுக்குத் தட்டுப்பாடு. ஆயினும் அந்தச் சில நாள் கஷ்டத்தைப் பொறுத்தால்தான் பல வருஷங்கள் வழி திறந்திருக்கும். அதற்கு அஞ்சி வேலையைத் தள்ளிப்போட்டால் வழியே அடைபட்டுப்போகும்.

நம் கால்வாயின் கதை அப்படித்தான் முடிந்தது. ரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்தன, 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்கள் பெருஞ் சேதம் விளைத்தன, பராமரிப்புக் குன்றியது. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றினார்கள்.

2008-ல் இக்கால்வாய் அடங்கிய மார்க்கத்துக்குத் தேசீய நீர்வழி எண் 4 என்று பெயர் சூட்டினார்கள். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பெயர் சூட்ட ஒரு நாள் போதும். கதவைக் காக்கவோ வருஷந்தோறும் கை வேண்டும். திறப்பு விழாவுக்குக் கூடும் நாம், பழுதுபார்க்கும் செலவையும் மனமுவந்து ஏற்கும் நாளில்தான், பசித்த அந்த ஜனங்களின் உழைப்புக்கு உரிய மரியாதை செய்தவர்களாவோம்.