யுபிஐ ‘பெண்டிங்’: பணம் போச்சா, போகலையா? உங்க போனுக்கே தெரியாதது ஏன்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கம் பால்கோவா வாங்கிட்டு, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி 300 ரூபாய் அனுப்புறீங்க. திரையில வட்டம் சுத்துது, சுத்துது... கடைசியில ‘பெண்டிங்’. பணம் எடுத்தாச்சுன்னு பேங்க் எஸ்எம்எஸ் வந்துடுச்சு. கடைக்காரரோட சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாயே திறக்கல. ராஜபாளையம் பஸ் வேற கிளம்பப் போகுது. திரும்ப அனுப்பலாமா?

அவசரப்பட வேண்டாம். உள்ளே என்ன நடக்குதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

‘அனுப்பியாச்சு’ன்னா என்ன அர்த்தம்?

இணையத்தில் பேசும் ஆப்கள் எல்லாம் ‘சாக்கெட்’ என்ற வாசல் வழியாகத்தான் பேசுகின்றன. (தமிழ் பி.ஏ. படிச்ச எனக்கு சாக்கெட்னா சுவத்துல சார்ஜர் சொருகுறதுதான். இது வேற.) 1983-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் பரவலான ஏற்பாடு இது. இன்றைய பேங்க் சர்வர், ஆண்ட்ராய்டு போன் வரைக்கும் அதே கட்டளைகள்தான்: கனெக்ட், சென்ட், ரிசீவ், க்ளோஸ்.

ஒரு உதாரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர்கிட்ட, “அண்ணே, ராஜபாளையத்துல எங்க மாமா வந்து வாங்கிக்குவாரு”ன்னு 10 டப்பா பால்கோவா கொடுத்து விடுறீங்க. அவரும் வாங்கி வச்சுக்கிறாரு. ‘சென்ட்’ வெற்றின்னா இவ்வளவுதான் அர்த்தம். டப்பா மாமா கைக்குப் போச்சுன்னு அர்த்தமே கிடையாது. லினக்ஸின் கையேடே இதை எழுதி வச்சிருக்கு: இந்தக் கம்ப்யூட்டரில் தெரிஞ்ச பிழையை மட்டும்தான் ‘சென்ட்’ சொல்லும், போய்ச் சேராததை அது சொல்லாது. புதுசா கோடு எழுதுறவங்க பலர் தாண்டிப் போற வரி இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. “இடமில்லப்பா, 6 டப்பாதான் வைக்கலாம்”னு கண்டக்டர் சொல்லலாம். அதே மாதிரி ‘சென்ட்’டும் கொடுத்ததுல பாதியை மட்டும் வாங்கிக்கிட்டு, எவ்வளவு வாங்கினேன்னு ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பார்க்காம விட்டா மீதி 4 டப்பா பஸ் ஸ்டாண்டிலேயே கிடக்கும். ‘ரிசீவ்’ பூஜ்யம் தந்தா, மறுமுனை பேச்சை முடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். அதை ‘இன்னும் வரல’ன்னு தப்பா எடுத்துக்கிற புரோகிராம் கேட்டுக்கிட்டே இருக்கும், போன் சூடாகும்.

‘இல்லை’ வேற, ‘தெரியல’ வேற

நம்ம பணத்தைத் தொடுற விஷயம் இதுதான். கனெக்ட் பண்ணும்போதே ‘மறுக்கப்பட்டது’ன்னு பிழை வந்தா, தகவல் இங்கிருந்து கிளம்பவே இல்லை. தாராளமா மறுபடி முயற்சிக்கலாம். ஆனா தகவலை அனுப்பின பிறகு பதிலே வராம ‘டைம் அவுட்’ ஆச்சுன்னா? டப்பா வழியில தொலைஞ்சிருக்கலாம். இல்லை, மாமா வாங்கிட்டு, “வந்துடுச்சு”ன்னு அவர் சொன்ன பதில் தொலைஞ்சிருக்கலாம். இந்தப் பக்கம் நிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும்.

பதில் வராத தகவலை லினக்ஸ், வழக்கமான அமைப்பில், 15 முறை திரும்ப அனுப்பிப் பார்த்துட்டுத்தான் கைவிடும். அதுக்கு 15 நிமிஷத்துக்கு மேல ஆகும். அவ்வளவு நேரம் கடை வாசல்ல யார் நிப்பா? அதனால ஆப்கள் சீக்கிரமே காத்திருப்பை முடிச்சுக்கிட்டு ‘பெண்டிங்’னு காட்டுது. அந்த வார்த்தை நேர்மையானதுதான். எனக்குத் தெரியலன்னு ஒத்துக்கிது.

அந்த ‘தெரியல’யைத் தப்பா கையாண்டா என்ன ஆகும்? 2025 ஏப்ரல் 12-ம் தேதி நாடே பார்த்தது. அன்னைக்கு யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, “என்ன ஆச்சு, என்ன ஆச்சு”ன்னு நிலை கேட்கும் கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் சிக்கல் என்று, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது. கேள்வி கேட்டே கணினியைத் திணறடிச்சுட்டாங்க! அதன் பிறகு, எந்தெந்த எர்ரர் கோடு வந்தா தோல்வின்னு முடிவு பண்ணிட்டு மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை போனது. 2025 ஆகஸ்ட் 1 முதல், பெண்டிங் பரிவர்த்தனையின் நிலையை ஒரு ஆப் 3 முறைதான் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 விநாடி இடைவெளி வேணும்.

சரி, கடையில நிக்கிற நீங்க என்ன செய்யணும்?

உடனே மறுபடி ஸ்கேன் பண்ணாதீங்க. நீங்க ரெண்டாவது தடவை அனுப்புறது புது எண்ணோட புது பரிவர்த்தனை. முதல்ல போனதும் கடைசியில சேர்ந்துட்டா 600 ரூபாய் போயிடும். ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆப்ல ஹிஸ்டரியைப் பாருங்க. பஸ்ஸை விட முடியாதுன்னா, கையில காசு இருந்தா கொடுத்துட்டு, 12 இலக்க யுபிஐ எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடைக்கு அனுப்பி உறுதியாகாத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்பணும். தனிநபருக்கு அனுப்பி அவர் கணக்கில் சேராத பணம்னா மறுநாளைக்குள். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்க கேட்காமலேயே வரணும். வரலன்னா முதல்ல வங்கியில புகார் கொடுங்க. 30 நாளாகியும் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448-க்கு அழைச்சா தமிழ்லயே பேசுவாங்க.