காந்தத்தால் குளிரூட்டும் கனியங்கள்

கடலற்ற கண்டி மாவட்டத்திற்கு மீன் வந்து சேர்வது ஐஸ் கட்டிகளின் துணையுடனேயே. வைத்தியசாலைகளில் தடுப்பூசிகளும் இன்சுலினும் பழுதடையாதிருப்பது குளிர்சாதனப் பெட்டிகளின் தயவிலேயே. ஆயினும் இப்பெட்டிகளினுள் சுற்றிவரும் வாயுக்கள் புவியை வெப்பமாக்குகின்றன. பெருமளவில் பாவிக்கப்படும் எச்.எப்.சி. 134ஏ எனும் வாயு, அதேயளவு காபனீரொட்சைட்டைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகமாகப் புவியைச் சூடேற்ற வல்லது. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016ஆம் ஆண்டு கிகாலி நகரில் உடன்பாடு காணப்பட்டது. இலங்கை 2018இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. இந்நிலையில், வாயுவே இன்றிக் குளிரூட்ட முடியுமா என்ற வினா எம்மையும் சார்ந்ததாகிறது.

முடியும் என்கிறது பௌதிகவியல். காந்தப் பொருளொன்றினுள் எண்ணற்ற நுண்காந்தங்கள் உள்ளன. வலிய காந்தப் புலத்தினுள் வைத்தால் அவை யாவும் ஒரே திசையில் ஒழுங்குபெற, அப்பொருள் சூடேறுகிறது. அவ்வெப்பத்தை நீரைப் பாய்ச்சி அகற்றியபின் புலத்தை நீக்கினால் நுண்காந்தங்கள் மீண்டும் ஒழுங்கு குலைகின்றன. அதற்குத் தேவையான வெப்பத்தை அப்பொருளிடமிருந்தே பெறுவதால் அது குளிர்ந்துவிடுகிறது. இதனையே காந்தவெப்ப விளைவு என்பர்.

பியர் வைஸ், ஒகஸ்ற் பிக்கார்ட் ஆகியோர் 1917இல் நிக்கலில் இவ்விளைவைக் கண்டறிந்தனர். வில்லியம் ஜியோக் 1933இல் இம்முறையைக் கையாண்டு தனிப்பூச்சியத்தை மிக நெருங்கினார். 1949இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது. 1976இல் கடோலினியம் எனும் உலோகத்தைக் கொண்டு அறை வெப்பநிலையிலும் இது இயலும் எனக் காட்டப்பட்டது. ஆனால், கடோலினியம் விலைமதிப்பு மிக்கது. நீர்பட்டால் அரிப்புக்கும் உள்ளாவது.

இங்கேதான் பெரொவ்ஸ்கைற்றுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. 1839இல் ரஷ்யாவின் யூரல் மலையிற் கண்டெடுக்கப்பட்ட கனியமொன்றின் பெயரே, அதையொத்த பளிங்கமைப்புடைய சேர்வைகள் அனைத்திற்கும் வழங்கலாயிற்று. லந்தனம், மங்கனீசு, ஒட்சிசன் ஆகியவற்றாலான சேர்வை அவற்றுள் ஒன்று. தனித்த நிலையில் அதன் நுண்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. லந்தன அணுக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அகற்றி, அவ்விடத்தில் கல்சியத்தைப் புகுத்தினால் நிலைமை மாறுகிறது. மங்கனீசு அணுக்களிடையே ஒட்சிசன் வழியாக இலத்திரன்கள் தாவத் தொடங்க, நுண்காந்தங்கள் ஒருமுகப்பட்டு அது வலிய காந்தப் பொருளாகிறது. இவ்வாறு அயல் அணுக்களைப் புகுத்துவதே மாசூட்டல் எனப்படுகிறது.

எந்தக் காந்தமும் குறித்தவொரு வெப்பநிலைக்கு மேல் தன் வலிமையை இழந்துவிடும். அதுவே கியூரி வெப்பநிலை. குளிரூட்டும் விளைவு உச்சம் பெறுவதும் அதனை அண்டியே. கல்சியம் புகுத்திய சேர்வையில் அது நீர் உறையும் நிலைக்குக் கீழே அமைகிறது. ஸ்ட்ரொன்சியம் புகுத்தினாலோ 90 பாகை செல்சியஸையும் தாண்டுகிறது. இரண்டையும் அளவறிந்து கலந்தால் அதனை அறை வெப்பநிலைக்கே கொண்டுவரலாம். இச்சேர்வைகள் துருப்பிடிப்பதில்லை. மூலப்பொருட்களும் ஒப்பீட்டளவில் மலிவானவை.

குறை இல்லாமலும் இல்லை. ஒரு தெஸ்லா புலத்தில் கடோலினியம் ஏறத்தாழ மூன்று பாகை குளிரும்போது, இவை ஒன்றிரண்டு பாகையே குளிர்கின்றன. ஆதலால் ஒரே சுற்றை மீண்டும் மீண்டும் நிகழ்த்தியே பயன்பெற வேண்டும். வலிய நிரந்தரக் காந்தங்களின் விலையும் இடையூறாக உள்ளது. சாதாரண வீடுகளை இக்கருவி இன்னும் எட்டாதிருப்பதற்கு இவையே காரணம்.

எனினும், இச்சேர்வைகளை ஆக்குவதற்குப் பிரமாண்டமான ஆலைகள் தேவையில்லை என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது. தூள்களை அளந்து, அரைத்து, ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உலையில் சுட்டெடுத்தாலே போதும். எம் கண்டியிலேயே பேராதனைப் பல்கலைக்கழகம் உள்ளது. 1981இல் நிறுவப்பட்ட தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும் ஹந்தானையில் அமைந்துள்ளது. சூரிய மின்கல ஆய்வில் அந்நிறுவனம் நெடுங்கால அனுபவமுடையது. இன்றைய சூரிய மின்கலங்களில் ஒருவகைக்கும் பெரொவ்ஸ்கைற்றே அடிப்படையாகும். புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள மொனசைற்றுக் கனியமோ லந்தனத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

மண்ணும் உண்டு, உலையும் உண்டு. அவற்றிடம் செல்லும் பாதையே சிலருக்கு அடைபட்டுக் கிடக்கிறது. கண்டியைச் சூழவுள்ள தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. அக்குறணையிலோ தெல்தோட்டையிலோ பிறந்த பிள்ளை, ஹந்தானை மலையைத் தினமும் காணலாம். அங்கு நிகழும் ஆய்வில் பங்குகொள்ள, அப்பிள்ளைக்குப் பௌதிகவியலைத் தமிழில் தெளிவுறக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். நாளைய குளிர்சாதனப் பெட்டியை விலைகொடுத்து வாங்குவோராக மட்டும் எம் பிள்ளைகள் இருந்துவிடலாகாது. கல்வி அதிகாரிகளும் சமூகத்தின் செல்வந்தர்களும் இதனைக் கருத்திற்கொள்வார்களாக.